நார்ட்டன் செயின்ட் பிலிப் ஜார்ஜ் விடுதி: முகப்பில் கீழே கல், மேலே மரம் – இந்த அமைப்புக்கு என்ன காரணம்?

வரைகோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டடக்கலை இறுதியாண்டில் படிக்கிறேன். இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் இன்றும் நிற்கும் பழைய வழிப்போக்கர் விடுதிகளின் அமைப்பைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறேன். அதற்கு முதன்மைச் சான்றாகச் சாமர்செட் மாவட்டத்தில், பாத் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில் இருக்கும் நார்ட்டன் செயின்ட் பிலிப் என்னும் சிற்றூரின் ஜார்ஜ் விடுதியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் எழுந்த கட்டடம் இது. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஓர் ஐயம் தீரவில்லை. தெருவை நோக்கிய முகப்பில் தரைத்தளம் கல்லால் ஆனது. நடுவில் வளைவு வாயில். அதற்கு மேலே இரண்டு தளங்கள் மரச்சட்டத்தால் எழும்பி, ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ள தளத்தைவிடச் சற்று முன்னே துருத்தி நிற்கிறது. நல்ல சுண்ணாம்புக்கல் தாராளமாகக் கிடைத்த வட்டாரம் அது. சுற்றிலும் உள்ள பழைய வீடுகள் கல்வீடுகளே. அப்படியிருக்க, வசதிமிக்க ஒரு மடத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் பாதியில் கல்லை விட்டுவிட்டு மரத்துக்கு ஏன் மாறினார்கள்? நெருக்கடியான நகரத் தெருக்களில் இடத்தை மிச்சம்பிடிக்கத்தான் மாடியைத் துருத்திக் கட்டினார்கள் என்று பாடநூலில் படித்தேன். இடத்துக்குப் பஞ்சமே இல்லாத ஒரு கிராமத்தில் அந்த விளக்கம் பொருந்துமா? இத்தகைய விடுதிகளில் காணும் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவரும் தொடக்கத்திலிருந்தே அப்படித்தானா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாத்வாசி எழுதியது:

வணக்கம் வரைகோல். அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையிலும், அந்த விடுதியை உள்ளும் புறமும் பார்த்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை கட்டுமானப் பொருளில் இல்லை, கட்டடத்தின் தொழிலில் இருக்கிறது என்பது என் எண்ணம். இதை விடுதி என்று மட்டும் நினைத்துக்கொண்டு பார்த்தால் பல செய்திகள் பிடிபடாமல் போகும். இது ஒரே நேரத்தில் விடுதியாகவும் கிடங்காகவும் இருந்த கட்டடம்.

ஊருக்கு அருகே ஹிண்டன் என்ற இடத்தில் கார்த்தூசியத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. சாலிஸ்பரி கோமகள் ஈலா 1232இல் அதனை அங்கே நிறுவினார். இங்கிலாந்தில் அந்தச் சபைக்கு அமைந்த இரண்டாவது மடம் அது. நார்ட்டன் ஊர் அந்த மடத்தின் நிலவுடைமையாக இருந்தது. கார்த்தூசியத் துறவிகள் மற்ற சபையினரைப் போல ஒரே கூடத்தில் கூடி வாழ்பவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தனிக் குடிலில், பெரும்பகுதி மௌனத்தில் காலம் கழிப்பவர்கள். ஆனால் மடத்தின் வருவாயோ ஆட்டுமந்தையிலிருந்தும் கம்பளிச் சந்தையிலிருந்தும் வந்தது. சந்தைக்கு வரும் வணிகர்களையும் அவர்களுடைய குதிரைகளையும் மூட்டைகளையும் மடத்துக்குள் அனுமதித்தால் அந்த மௌனம் என்னாகும்? வாணிகத்தை மடத்தின் மதிலுக்கு வெளியே, ஊர் நடுவில், தங்கள் பொறுப்பிலேயே நடத்த ஒரு கட்டடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஜார்ஜ் விடுதி அந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

இந்தக் கண்ணோடு முகப்பைப் பாருங்கள். தரைத்தளத்தில் மக்கள் நடமாட்டம், வண்டி, கால்நடை, மழைச்சேறு எல்லாமே உண்டு. அங்கே தடித்த கற்சுவர் வேண்டும். மேல்மாடி கம்பளி வைக்கும் இடம். கம்பளிக்கு ஈரம் ஆகாது. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எவ்வளவு காற்றோட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. அக்காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சாக்குக் கம்பளி என்பது 364 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 165 கிலோ என்று சட்டப்படி வரையறுத்த அளவு. அப்படிப்பட்ட மூட்டைகளை மேலே ஏற்றி அடுக்கி வைக்க, குறுக்குச் சுவர்கள் இல்லாத நீண்ட தளம் வேண்டும். அதைத்தான் தச்சர்கள் கட்டிக் கொடுத்தார்கள்.

எடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அறுபது சென்டிமீட்டர் தடிப்புள்ள சுண்ணாம்புக்கல் சுவர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. மரச்சட்டத்தின் இடைவெளியில் வரிச்சுக் கட்டிக் களிமண் அப்பிய சுவர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பழைய கல்தளத்தின் மேல் பின்னாளில் இரண்டு மாடிகளை எழுப்ப வேண்டிவந்தபோது, கீழே உள்ள சுவரையும் அடித்தளத்தையும் தொடாமல் உயர்த்துவதற்கு மரமே ஏற்றது. தரைத்தளத்தின் பெரும்பகுதி பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் மரமாடிகள் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றும் பொதுவாகக் கொள்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது.

ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்: கூரையைக் கல் ஓட்டால்தான் வேய்ந்திருக்கிறார்கள். ஆகவே கல் அவர்களுக்கு எட்டாத பொருளும் அன்று, விலக்கப்பட்ட பொருளும் அன்று. எந்த இடத்துக்கு எது என்று தெரிந்தே தேர்ந்திருக்கிறார்கள்.

பின்புறத்தைப் பார்க்காமல் ஆய்வேட்டை முடித்துவிடாதீர்கள். முகப்பின் அழகில் மயங்கிப் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பின்முற்றத்தில் பட்டைபட்டையாக அமைந்த கற்படிக்கட்டுக் கோபுரம் ஒன்று கட்டடத்தோடு ஒட்டி நிற்கிறது. மாடிப்படியை உள்ளே வைத்திருந்தால் தளத்தின் நடுவில் பெரிய துவாரம் போட வேண்டியிருக்கும். கிடங்குத் தளம் துண்டுபடும். வெளியே கோபுரமாக வைத்ததனால் ஒவ்வொரு தளமும் முழுமையாகக் கிடைத்தது. முற்றத்தை ஒட்டிய மர நடையும் அதே தேவையின் விளைவு. ஓர் அறை வழியாக இன்னோர் அறைக்குள் நுழையாமல் ஒவ்வொரு விருந்தினரும் தத்தம் அறைக்குப் போக அது வழி செய்கிறது.

உளியன் எழுதியது:

பாத்வாசி ஐயா எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். நான் மரவேலைக் குடும்பத்திலிருந்து வந்தவன்; ஐரோப்பிய மரச்சட்டக் கட்டடங்களின் இணைப்புகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆகவே துருத்து மாடியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இந்தச் சட்டங்களை அறுத்த தச்சர்கள் காய்ந்த மரத்தைத் தேடவில்லை. ஓக் மரத்தை வெட்டிய கையோடு, பச்சையாக இருக்கும்போதே இழைத்தார்கள். முற்றிலும் காய்ந்த ஓக் உளியைத் திருப்பியடிக்கும் அளவுக்குக் கடினமானது. பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுகும். அதை அறிந்தே அவர்கள் இணைப்பை வகுத்தார்கள். ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கிய கழுந்து மற்றதன் துளைக்குள் நுழையும். இரண்டையும் பிணைக்க மர ஆணி அடிப்பார்கள். கழுந்தில் இடும் ஆணித்துளையையும் வெளிச்சட்டத்தில் இடும் ஆணித்துளையையும் நேருக்கு நேர் வைக்காமல் ஒரு நூலிழை தள்ளித் துளைப்பார்கள். ஆணியை அடிக்க அடிக்க அது கழுந்தை உள்ளே இழுத்துக்கொண்டு இறுகும். மரம் சுருங்கிய பிறகும் இணைப்பு தளராது. இரும்பாணியை நம்பாமல் இத்தனை நூற்றாண்டுகள் நிற்பதன் அடிப்படை இதுவே.

சட்டகம் முழுவதையும் முதலில் தச்சுக்களத்தில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, எந்தச் சட்டம் எதோடு சேர வேண்டும் என்பதற்கு உளியால் ரோமன் எண்களைக் கீறி, பிறகு பிரித்து எடுத்துப்போய்க் கட்டட இடத்தில் நிமிர்த்துவார்கள். நான்கு என்பதற்கு நான்கு கோடுகளையே போட்டிருப்பார்கள். இந்தக் குறிகள் இங்கிலாந்தின் பல பழைய விடுதிகளில் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. வரிசை எண் நடுவில் குழம்பியிருந்தால் அந்த இடத்தில் பிற்காலத்தார் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். கள ஆய்வுக்குப் போகும்போது சாய்வாக ஒளி அடிக்கும் கைவிளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் புலப்படாத கீறல்கள் பக்க ஒளியில் எழுந்து நிற்கும்.

இனித் துருத்தல். இட நெருக்கடி என்ற விளக்கம் நார்ட்டனுக்குப் பொருந்தாது என்று நீங்கள் எழுதியது சரியே. தள விட்டங்கள் சுவரைத் தாண்டி அரை மீட்டர் அளவுக்கு வெளியே நீண்டு, அந்த முனையின் மேல் மாடிச் சுவர் உட்காருகிறது. உள்ளே தளத்தின் நடுவில் பாரம் ஏறினால் விட்டம் கீழ்நோக்கி வளையும். வெளிமுனையில் சுவரின் எடை அழுத்துவதால் அந்த வளைவு எதிர்ப்பக்கத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையின் பாரம் மறுமுனையைத் தூக்குவது போல. மூட்டைகளை அடுக்கும் கிடங்குத் தளத்துக்கு இது உண்மையிலேயே பயன்படும் ஏற்பாடு.

மரம் கிடைக்கும் நீளமும் ஒரு காரணம். துருத்தாமல் நேராக மூன்று தளம் கட்டினால் தரையிலிருந்து கூரை வரை ஒரே நீளத் தூண் வேண்டும். தளங்கள் சேரும் இடத்தில் அதே தூணைப் பல பக்கமும் துளையிட்டுப் பலவீனப்படுத்த வேண்டும். துருத்து மாடியில் ஒவ்வொரு தளமும் தனிப் பெட்டி. தூண்கள் ஒரு மாடி உயரம் இருந்தால் போதும். மழைநீரும் மேல் சுவரிலிருந்து வழிந்து கீழ்ச்சுவரில் படாமல் தள்ளி விழுகிறது.

என் கணிப்பில் ஜார்ஜ் விடுதியின் துருத்தலுக்கு இந்தப் பொறியியல் காரணங்களே முதன்மையானவை.

வழிப்போக்கன் எழுதியது:

நல்ல உரையாடல். ஜார்ஜ் விடுதியை அதன் உறவினர்களோடு வைத்துப் பார்ப்பது ஆய்வேட்டுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் இடைக்கால விடுதிகளை ஆராய்ந்த டபிள்யூ. ஏ. பாண்டின் 1961இல் வெளியிட்ட ஆய்வில் அவற்றை இரண்டு பெரும் வகைகளாகப் பிரித்தார். முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் அறைகள் அமைந்து, மாடி நடைகள் முற்றத்தை நோக்கித் திறந்திருப்பது ஒரு வகை. தெருவை ஒட்டிய முதன்மைக் கட்டடத்திலேயே முக்கிய அறைகள் அடங்கி, நடுவாயில் வழியாகப் பின்புறம் செல்வது மற்றொரு வகை. ஜார்ஜ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பேன். பின்முற்றம் இருந்தாலும் கட்டடத்தின் உயிர் முகப்புப் பகுதியில்தான் இருக்கிறது.

முற்ற வகைக்குச் சிறந்த சான்று குளூஸ்டர் நகரின் நியூ இன். அங்கிருந்த புனித பேதுரு மடத்துத் துறவி ஜான் ட்வைனிங் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் கட்டுவித்தது. முற்றத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் திறந்த மர நடைகளும் அவற்றை நோக்கிய அறை வாயில்களும் வரிசையாகத் தெரியும். லண்டன் சவுத்வர்க்கிலுள்ள இன்னொரு ஜார்ஜ் விடுதியும் இந்த வகையே. 1676இல் அந்தப் பகுதியை அழித்த தீக்குப் பின் 1677இல் திரும்பக் கட்டியது. ரயில் நிறுவனம் 1889இல் இடித்ததுபோக ஒரு பக்கத்து நடை மட்டும் எஞ்சியிருக்கிறது. 1937 முதல் அது பழங்கட்டடங்களைப் பேணும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் பொறுப்பில் இருக்கிறது.

மடங்கள் கட்டிய விடுதிகளில் கிளாஸ்டன்பரியின் ஜார்ஜை விட்டுவிடக் கூடாது. ஜார்ஜ் அண்ட் பில்கிரிம்ஸ் என்று இன்று அழைக்கப்படுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடத்தலைவர் ஜான் செல்வுட் கட்டுவித்தார். இதுவும் சாமர்செட்தான், ஆனால் முகப்பு முழுவதும் கல். சாளரங்களும் வெற்றுச் சுவரும் ஒரே கட்டக் கோலத்துக்குள் அடங்க, தேவாலய மேற்கு முகப்பைச் செய்த கைகளே இதையும் செய்திருக்கும் என்று தோன்றும் அளவுக்கு நேர்த்தியான வேலை. வாயிலுக்கு மேலே மடத்தின் சின்னமும் நான்காம் எட்வர்டின் சின்னமும் இருக்கின்றன. ஒரே மாவட்டம், ஏறத்தாழ ஒரே காலம், இரண்டுமே மடத்துச் சொத்து. ஆனால் அங்கே திருத்தலப் பயணிகளுக்கான விடுதி, இங்கே கம்பளி வணிகருக்கான விடுதி. அங்கே கல் முகப்பு, இங்கே மர முகப்பு. பாத்வாசி சொன்ன தொழில் விளக்கத்துக்கு இதைவிட நல்ல துணைச்சான்று கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ஜார்ஜ் இன்றைக்கு இவ்வளவு பழைய முகத்தோடு எப்படித் தப்பியது என்பதையும் கேட்க வேண்டும். மடங்களை எட்டாம் ஹென்றி கலைத்தபோது 1539இல் ஹிண்டன் மடமும் போயிற்று; விடுதி தனியார் கைக்குச் சென்று தொழிலைத் தொடர்ந்தது. சாமுவேல் பீப்ஸ் 1668 ஜூன் 12இல் பாத் நகரை நோக்கிப் போகும் வழியில் இந்த ஊரில் நன்றாக உண்டதையும் பத்து ஷில்லிங் ஆனதையும் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். மான்மத் கோமகனின் கலகப்படை 1685 ஜூன் இறுதியில் இந்த ஊரில் தங்கி, அரசப் படையோடு மோதியது. அதன்பின் பதினெட்டாம் நூற்றாண்டில் பயண வண்டிகளின் காலம் வந்தது. அஞ்சல் வண்டி 1784இல் பிரிஸ்டலிலிருந்து பாத் வழியாக லண்டனுக்கு ஓடத் தொடங்கியதும் அந்தப் பெருஞ்சாலையை ஒட்டிய விடுதிகளில் பணம் கொழித்தது. கையில் காசு வந்த விடுதிக்காரர்கள் பழைய மர முகப்பை அவமானமாகக் கருதி, அதன் முன்னே செங்கல் சுவரோ சாந்துப் பூச்சோ எழுப்பி, மேலும் கீழும் நகரும் கண்ணாடிச் சாளரங்களை வரிசையாக வைத்து, புது நாகரிகத்துக்கு மாறினார்கள். அத்தகைய விடுதி ஒன்றின் வண்டி வாயிலுக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால், ஒழுங்கான செங்கல் முகப்பின் பின்னே வளைந்த ஓக் சட்டங்களும் சரிவு மிகுந்த பழைய கூரையும் தெரியும்.

ஜார்ஜுக்கு அந்தச் செல்வம் அந்த அளவில் வரவில்லை. இங்கும் வண்டிகள் நின்றன. ஆனால் பெருஞ்சாலை விடுதிகளைப் போல முகத்தையே மாற்றிக்கொள்ளும் பணம் புழங்கவில்லை. கம்பளிச் சந்தையும் தளர்ந்தது. ரயில் வந்தபோது பெருஞ்சாலை விடுதிகள் பட்ட பாடு பெரிது: மார்ல்பரோவில் புகழ்பெற்றிருந்த காசில் விடுதி தொழில் படுத்து மூடப்பட்டு, 1843இல் பள்ளிக்கூடமானது. நார்ட்டன் போன்ற ஊர் விடுதிகள் உள்ளூர் மக்களின் குடியகமாகச் சுருங்கி, மாற்றிக் கட்ட வசதியில்லாததால் அப்படியே நின்றன.

வரைகோல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கிளாஸ்டன்பரியோடு ஒப்பிடும் யோசனை என் ஆய்வேட்டின் நடு இயலையே தீர்மானித்துவிட்டது என்று சொல்லலாம்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. உளியன் ஐயா துருத்தலுக்குப் பொறியியல் காரணங்களே முதன்மை என்கிறார். அப்படியானால் ஏன் தெருமுகப்பில் மட்டும் துருத்தல் இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது? மற்றது, இந்த விடுதிக்கு 1397 முதல் தொடர்ந்து உரிமம் உண்டு என்று பல இடங்களில் படிக்கிறேன். அதை ஆண்டுச் சான்றாக எழுதலாமா? வண்ணத்தைப் பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

பாத்வாசி எழுதியது:

துருத்தலைப் பற்றி உளியனோடு இந்த ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். அவர் சொன்ன பொறியியல் பயன்கள் அனைத்தும் உண்மை. ஆனால் பயன் இருப்பது வேறு, அதற்காகவே கட்டினார்கள் என்பது வேறு. பாரத்தைத் தாங்குவது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் முன்னும் பின்னும் துருத்தியிருக்க வேண்டும். சந்தைக்கு வருகிறவன் கண்ணில் முதலில் படும் பக்கத்தில் மட்டும் இரண்டு அடுக்குத் துருத்தலையும் வெளியே புடைத்த சாளரங்களையும் வைத்திருக்கிறார்கள். அன்றைய கண்ணுக்குத் துருத்து மாடி என்பது வசதியின் அடையாளம். இத்தனை ஓக் மரத்தைச் செலவழிக்க எங்களால் முடியும் என்ற அறிவிப்பு. வணிகரின் நம்பிக்கையைப் பெற வேண்டிய மடத்துக்கு அந்த அறிவிப்பு தேவையாக இருந்தது.

1397ஆம் ஆண்டை ஆண்டுச் சான்றாக எழுத வேண்டாம் என்பதே என் அறிவுரை. மது விற்கும் கடைகளுக்கு நீதிபதிகளின் உரிமம் கட்டாயம் என்று நாடு தழுவிய சட்டம் 1552இல்தான் வந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் இன்றைய பொருளில் தொடர் உரிமம் என்று ஒன்று இருக்க இயலாது. நாட்டின் மிகப் பழைய குடியகம் தாங்களே என்று உரிமை கொண்டாடும் இடங்கள் இங்கிலாந்தில் பல உண்டு. ஆண்டைக் கட்டடத்திடமிருந்தே கேட்டுப் பெறுவதுதான் பாதுகாப்பானது. ஓக் சட்டங்களில் மரவளைய ஆய்வு செய்தால், வெளிப்பட்டை இன்னும் ஒட்டியிருக்கும் சட்டங்களில் மரம் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிட முடியும். பச்சை மரத்தையே பயன்படுத்தினார்கள் என்று உளியன் எழுதினாரே, அதனால் மரம் வெட்டிய ஆண்டுக்கும் கட்டடம் எழுந்த ஆண்டுக்கும் இடைவெளி மிகச் சிறிதாகவே இருக்கும்.

உளியன் எழுதியது:

பின்பக்கம் துருத்தல் இல்லை என்பது வலுவான வாதம். காட்சிக்கான நோக்கம் பெரிய பங்கு வகித்திருக்கிறது என்று ஏற்கிறேன். ஆனாலும் பின்புறச் சுவர் கல் என்பதால் அங்கே துருத்துவதற்கான கேள்வியே எழவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள் வரைகோல். இரண்டு கருத்துகளையும் அருகருகே வைத்து வாசகரிடம் விடுவது நேர்மையாக இருக்கும்.

காரை எழுதியது:

வண்ணத்தைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். பழங்கட்டடப் பராமரிப்பு என் தொழில். சுண்ணாம்புக் காரையோடுதான் என் பெரும்பாலான நாள்கள் போகின்றன.

கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் என்ற தோற்றம் பெரும்பாலான இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விருப்பம். அதற்கு முன் ஓக் சட்டத்தைப் பூச்சின்றி விட்டார்கள். அது வெயிலிலும் மழையிலும் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அல்லது சட்டம், சுவர் என்ற வேறுபாடே இல்லாமல் முழு முகப்புக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். சில வட்டாரங்களில் அதில் காவி அல்லது மஞ்சள் மண்ணைக் கலந்தார்கள். விக்டோரியா காலத்தில் பழமையின் மேல் ஏற்பட்ட மோகத்தில் தாரும் கறுப்பு வண்ணமும் பூசப்பட்டன. தார் மரத்துக்கு நல்லதும் அன்று, ஏனென்றால் உள்ளே போன ஈரத்தை அது வெளியே விடாது.

ஈரம் என்பதில்தான் இந்தக் கட்டடங்களின் வாழ்வும் சாவும் இருக்கின்றன. வரிச்சும் களிமண்ணும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்ததும் திருப்பி விட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டில் பலர் சட்டங்களுக்கு இடையே சிமென்ட் பூச்சை நிரப்பினார்கள். சிமென்ட் வளையாது, மரமோ பருவத்துக்குப் பருவம் அசையும். விளிம்பில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழைநீர் இறங்கும். இறங்கிய நீருக்கு வெளியேறும் வழி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் முகப்பு பளிச்சென்று இருக்கும். கீழ்ச்சட்டத்தில் விரலை அழுத்தினால் ஈரமான வெல்லக்கட்டி உதிர்வது போல மரம் உதிரும். அத்தகைய பல சட்டங்களைக் கையால் தொட்டிருக்கிறேன் என்பதால் இதைச் சற்று அழுத்தமாகவே எழுதுகிறேன். பாழான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே வகை ஓக்கிலிருந்து ஒரு துண்டைச் செதுக்கி, பழைய சட்டத்தோடு இணைப்பிட்டுப் பொருத்துவதே முறை. புதுத்துண்டு புதிதாகவே தெரிந்தால் குறை இல்லை. பழையதைப் போல நடிக்க வைக்கத் தேவையில்லை. வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றிலிருந்து வலியுறுத்திவரும் நெறி இது: மீட்டுப் புதுப்பிப்பதைவிடப் பழுது பார்ப்பதே மேல்.

ஊர் விடுதி என்ற வகையில் வூஸ்டர்ஷயரின் பிரெட்ஃபர்ட்டன் ஊரிலுள்ள ஃபிளீஸ் விடுதியையும் உங்கள் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது மடம் கட்டியது அன்று. இடைக்காலப் பண்ணைவீடு, 1848இல்தான் குடியகம் ஆயிற்று. அதன் கடைசி உரிமையாளரான லோலா டாப்ளின் அம்மையார் 1977இல் இறந்தபோது அதனை நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். கணப்படுப்பின் முன் தரையில் வெள்ளை வட்டங்கள் வரைந்திருக்கும். புகைபோக்கி வழியே சூனியக்காரிகள் இறங்கி வராமல் தடுக்கும் காப்பு என்பது அந்த ஊரின் நம்பிக்கை. வைக்கோல் கூரையில் 2004இல் தீப்பிடித்துக் கூரை அழிந்தது. மறுஆண்டு விடுதி மீண்டும் திறக்கப்பட்டது. நார்ட்டன் ஜார்ஜின் கல் ஓட்டுக் கூரைக்கு அந்த ஆபத்து குறைவு, ஆனால் அந்த எடையை நூற்றாண்டுகளாகத் தாங்கும் கைமரங்களில் எங்கே சுமை குவிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் தரப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால் வெளியே மட்டுமல்ல, உள்ளே ஒரு கதவு நிலையை மாற்றி அதன் தன்மையைப் பாதிப்பதற்கும் உரிய இசைவு வேண்டும். நீங்கள் அளவெடுக்கப் போகும்போது சுவரில் ஆணி அடிப்பதோ அளவுக் குறியை ஒட்டுநாடாவால் ஒட்டுவதோ வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு ஒட்டுநாடாவோடு உரிந்து வந்துவிடும். நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, கூட்டம் இல்லாத காலை வேளையில் போங்கள். மேல்தளத்துக்கு அனுமதி கிடைத்தால் முதலில் தளத்தின் சரிவை அளந்துவிடுங்கள். அது தெருப்பக்கம் சாய்கிறதா, நடுவில் தொய்கிறதா என்பதை வைத்தே உளியன் சொன்ன ஈடுசெய்யும் கணக்கு இந்தக் கட்டடத்தில் எந்த அளவு வேலை செய்திருக்கிறது என்பதை நீங்கள் காட்டிவிடலாம்.